லாம்பு கேமுக்கு ஒரு மகஜர்

கைத்தொலைபேசியைத் திறந்தால் கொஞ்ச நாளாக ஒரே சண்டையாகக் கிடக்கிறது. நாங்கள் சின்ன வயதில் விளையாடிய கேமின் ஏழாம் பாகம் வரப்போகிறதாம். இதைக் கெடுத்துவிடுவார்கள், அதை எடுத்துவிடுவார்கள், பழைய பாகத்தின் ருசியே இருக்காது என்று எங்கெங்கோ இருக்கிற ரசிகர்கள் எல்லாம் கம்பனிக்காரனைத் திட்டித் தீர்க்கிறார்கள். இன்னும் வெளியே வராத சாமானுக்கு இத்தனை வயிற்றெரிச்சலா என்று என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது. ஆளாளுக்குக் கத்தினால் எவன் கேட்பான்? எதற்கும் ஒரு முறை வேண்டாமா? மகஜர் எழுத வேண்டும், கையொப்பம் வாங்க வேண்டும், பிரதியில் சீல் வாங்க வேண்டும். பதினொரு வயதில் நான் இத்தனையும் செய்திருக்கிறேன்.

அந்த கேமுக்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பேர் உண்டு. அதைச் சரியாகச் சொல்லும் வாய் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒன்றுகூட இருக்கவில்லை. லாம்பு கேம் என்போம். இருட்டான மலை ஒன்றில் இரண்டு பேர் ஏறிப் போவார்கள். ஒருவர் கையில் லாம்பு, மற்றவர் கையில் வாள். லாம்பு பிடிக்கிறவரால் யாரையும் அடிக்க முடியாது. வாள் வைத்திருப்பவருக்கு லாம்பு வெளிச்சத்தைத் தாண்டினால் கண் தெரியாது. ஆகவே இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டேதான் போக வேண்டும். முதலாம் பாகத்திலிருந்து மூன்றாம் பாகம் வரைக்கும் இதுதான் சட்டம். ஒரே டீவி, ஒரே மெசின், ஆளுக்கொரு ரிமோட்.

விளையாடுகிற இடம் மஸ்கெலியா பஜாரில் ஒரு புடவைக் கடையின் பின்பக்கம். கடை முதலாளியின் கடைசி மகன் துணிக்கட்டுகளை ஓரமாகத் தள்ளி, பழைய மெசின் ஒன்றையும் பெட்டி போன்ற டீவி ஒன்றையும் வைத்திருந்தார். அவரைக் கடைக்கார அண்ணன் என்று கூப்பிடுவோம். முதலாளிக்கு இந்த வியாபாரம் கட்டோடு பிடிக்காது. "படிச்ச பய பண்ற வேலையைப் பாரு" என்று கல்லாவிலிருந்தே ஏசுவார். ஆனாலும் சனிக்கிழமையானால் மேலேயிருந்து தோட்டத்துப் பிள்ளைகள் இறங்கி வந்து வரிசையில் நிற்பதைப் பார்த்து வாயை மூடிக்கொள்வார்.

நானும் என் சொந்த அண்ணனும் ஒரு சோடி. அண்ணனுக்குப் பதினான்கு வயது. அந்த வயதில் அவனுக்கு நான் ஒரு மானக்கேடு. பாடசாலைக்குப் போகும்போது முப்பது அடி முன்னால் நடப்பான். அவன் கூட்டாளிமார் வந்துவிட்டால் என்னை யாரோ போலப் பார்ப்பான். ஆனால் புடவைக் கடையின் பின்பக்கத்தில் கதை வேறு. நான்தான் லாம்பு. நான் நின்றால் அவன் நிற்க வேண்டும், நான் திரும்பினால் அவன் திரும்ப வேண்டும். "புள்ள, இங்கிட்டு வா, எனக்குத் தெரியல" என்று கெஞ்சுவான். ஒரு கிழமை முழுக்க நான் காத்திருந்தது அந்தக் கெஞ்சலுக்குத்தான் என்று இன்று வெட்கமில்லாமல் சொல்லலாம். அன்று கேட்டிருந்தால் கேம் ஆசை என்று சொல்லியிருப்பேன்.

ஒரு சனிக்கிழமை கடைக்கார அண்ணன் எங்களையெல்லாம் கம்ப்யூட்டரைச் சுற்றி நிற்கவைத்து ஒரு வீடியோ காட்டினார். வெள்ளைக்காரன் ஒருவன் தலையில் கை வைத்துக்கொண்டு கத்துகிறான். நாங்கள் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்தோம். கடைக்கார அண்ணன் நிறுத்தி நிறுத்தி விளங்கப்படுத்தினார். நாலாம் பாகம் வரப்போகிறது. அதில் ஒரே டீவியில் இரண்டு பேர் விளையாட முடியாதாம். சேர்ந்து விளையாட வேண்டுமென்றால் ஆளுக்கொரு மெசின், ஆளுக்கொரு டீவி, வீட்டுக்கு வீடு இன்டர்நெட். மூன்றாம் பாகத்தில் வழி காட்டுகிற நாய்க்காரக் கிழவனும் இருக்க மாட்டானாம்.

ஆளுக்கொரு மெசின்! எங்கள் லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் குடியிருந்த பன்னிரண்டு காம்பராவுக்கும் சேர்த்து நாலு டீவி இருந்தது. அதில் ஒன்றில் சத்தம் மட்டும் வரும்.

எல்லாரும் கிழவன் போய்விட்டானே என்று கவலைப்பட்டுக்கொண்டிருக்க, அண்ணன் மட்டும் யோசித்துவிட்டு, "அப்ப நான் தனியாவே ஏறலாம். லாம்பு புடிக்க ஆள் தேவையில்ல" என்றான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பஸ் நேரத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னான். மலையேறி வீட்டுக்கு வரும்வரை நான் அவனுக்கு முப்பது அடி முன்னால் நடந்தேன். அவன் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

நேரே மாமாவிடம் போனேன். மாமா அம்மாவின் அண்ணன், பக்கத்துக் காம்பரா. எங்கள் டிவிசனின் தோட்டத் தலைவர். அதாவது தொழிற்சங்கத்தின் ஆள். கொழுந்து நிறுப்பதில் தகராறு என்றாலும், பைப்பில் தண்ணீர் வரவில்லை என்றாலும், பிரசவத்துக்கு லொறி கிடைக்கவில்லை என்றாலும் சனம் அவரிடம்தான் வரும். அவரும் உடனே கோடு போட்ட தாளை எடுத்து மகஜர் எழுத உட்கார்ந்துவிடுவார். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அப்பா கொழும்பில் சாப்பாட்டுக் கடையொன்றில் வேலை செய்ததால் எங்களுக்கும் எல்லாவற்றுக்கும் மாமாதான்.

"மாமா, ஒரு கம்பனிக்கு எதிரா ஸ்டிரைக் பண்ணணும்" என்றேன்.

வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். மாமா சிரிக்கவில்லை. "எந்தக் கம்பனி? என்னா பிரச்சினை?" என்று கேட்டார். முழுவதையும் சொன்னேன். அண்ணன் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "எடுத்த எடுப்புல ஸ்டிரைக் கூடாது. முதல்ல மகஜர். கோரிக்கை மூணுக்கு மேல போனா வாசிக்க மாட்டாங்க. ஒண்ணாவது, விடவே முடியாதது. ரெண்டாவது, கிடைச்சா நல்லது. மூணாவது, பேச்சுவார்த்தையில விட்டுக் குடுக்கிறதுக்கு" என்றார்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைக் காம்பராவின் முற்றத்தில் கூட்டம் போட்டேன். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. ஞாயிறு பூட்டியிருக்கும். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரி தகரம் தட்டிக் கூப்பிட்டேன். வராதவர்களின் வீட்டுக்குப் போய் இழுத்து வந்தேன். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது, மறைப்பானேன். மூன்று கோரிக்கைகள் எழுதினோம். ஒன்று, ஒரே டீவியில் இரண்டு பேர் விளையாடும் உரிமை தொடர வேண்டும். இரண்டு, நாய்க்காரக் கிழவனை மீண்டும் வேலைக்குச் சேர்க்க வேண்டும். மூன்று, லாம்பு எண்ணெய் சீக்கிரம் தீர்ந்துபோவதைத் திருத்த வேண்டும். எழுதத் தெரிந்தவர்கள் கையொப்பமிட்டார்கள். தெரியாத சின்னதுகளுக்கு விரலில் மை தடவினோம். அண்ணன் கடைசியாக வந்தான். "பைத்தியங்களா" என்று சொல்லிவிட்டுக் கையொப்பமிட்டான். மாமா மேலே கோணலில்லாமல் தலைப்பு எழுதிக் கொடுத்தார்: கம்பனியின் பெரிய துரை அவர்களின் மேலான கவனத்துக்கு.

மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்களோடு மஸ்கெலியாவுக்கு இறங்கி வந்தார். புடவை வாங்க வந்திருந்த பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கடைக்கார அண்ணன் மகஜரை வாங்கி வாசித்தார். முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"தலைவரே, இத செய்யிறவன் எந்த நாட்டுலயோ இருக்கான். எனக்கும் அவனுக்கும் என்னாங்க சம்பந்தம்?"

"உங்க கடையிலதான் ஓடுது. நீங்க மேலிடத்துக்கு அனுப்பி வையுங்க தம்பி" என்றார் மாமா. "கிடைச்சதுன்னு இந்தப் பிரதியில ஒரு சீல் அடிச்சுக் குடுங்க. இல்லாட்டி நாளைக்கு அப்படி ஒண்ணு வரவே இல்லைம்பாங்க."

கடைக்கார அண்ணன் திருதிருவென்று விழித்துவிட்டுப் புடவைக் கடை சீலையே அடித்துக் கொடுத்தார். பதில் வரும்வரை ஒருவரும் விளையாட வர மாட்டோம் என்று நான் அறிவித்தேன். அந்த மனுசனின் வியாபாரத்தைப் படுக்கவைத்தால் எங்கோ இருக்கிற கம்பனி இறங்கி வரும் என்று நான் உறுதியாக நம்பினேன். தோட்டத்தில் நாங்கள் பார்த்தது அப்படித்தானே. மலையில் கொழுந்து பறிக்க ஆளில்லாமல் முற்றினால் கொழும்பில் எவனோ ஒருவன் போனை எடுப்பான்.

முதல் சனிக்கிழமை வைராக்கியமாக இருந்தோம். ரிசர்வோயர் ஓரமாகப் போய்க் கல் எறிந்தோம். இரண்டாவது சனிக்கிழமை கல் எறிவதும் அலுத்துவிட்டது. சின்னதுகள் முணுமுணுக்கத் தொடங்கின. அம்மா வாங்கிவரச் சொன்ன வெங்காயத்துக்காக நான் பஜாருக்குப் போனேன். கால் தானாகப் புடவைக் கடைப் பக்கம் திரும்பியது. பின்பக்க ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். அண்ணன் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் என் இடத்தில் கடைக்கார அண்ணன் உட்கார்ந்து லாம்பு பிடித்துக்கொண்டிருந்தார்.

"கருங்காலி!" என்று கத்தினேன். கடையிலிருந்த சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. வேலைநிறுத்தத்தை உடைப்பவனை எங்கள் ஊரில் அதைவிடக் கேவலமாகச் சொல்ல வார்த்தை கிடையாது. அண்ணனின் முகம் சிவந்துபோனது. வெளியே வந்து, "இனிமே நீ எனக்கு லாம்பு புடிக்கவே வேணாம் போடி. பாகம் ஒண்ணும் வேணாம், மூணும் வேணாம்" என்றான். வெங்காயத்தைத் தூக்கி அவன்மேல் எறிந்தேன். பிறகு அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு அழுதபடி மலையேறினேன். எதைக் காப்பாற்ற ஸ்டிரைக் செய்தேனோ அதை ஸ்டிரைக்கே தின்றுவிட்டது. மாமாவின் மடியில் விழுந்து அழுதபோது அண்ணன் சொன்னதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன், பழையதையும் புதியதையும். அவர் என் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது சனிக்கிழமை காலையில் பதில் வந்துவிட்டது என்று செய்தி வந்தது. எல்லாரும் ஓடினோம். அண்ணனும் வந்தான், முப்பது அடி பின்னால். கடைக்கார அண்ணன் நீளமான கவரைக் கொடுத்தார். உள்ளே பளபளப்பான தாள், மேலே கலரில் லாம்புப் படம், கம்பனிப் பேர். இங்கிலீஷில் ஒரு பக்கம், கீழே தமிழில். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, புடவைக் கடைப் படியில் நின்று உரக்க வாசித்தார்.

"தங்கள் முதலாவது கோரிக்கை கொள்கையளவில் ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. இரண்டாவது கோரிக்கை சாதகமாகப் பரிசீலிக்கப்படும். மூன்றாவது கோரிக்கை தொடர்பில் உரிய தரப்பினருடன் கலந்தாலோசிக்கப்படும். ஆகவே உடனடியாக வழமைக்குத் திரும்புமாறு கேட்டுக்கொள்கின்றோம்."

நாங்கள் கத்திய கத்தலில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எனக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. அதே வசனங்களை நான் முன்பே கேட்டிருக்கிறேன். அதற்கு முந்தின வருடம் லயத்துக் கூரைக்குப் புதுத் தகரம் கேட்டு எங்கள் டிவிசன் ஒன்பது நாள் வேலைக்குப் போகவில்லை. ஒன்பதாம் நாள் தோட்டத்து நிர்வாகம் கொடுத்த கடிதத்தை மாமா பெரட்டுக்களத்தில் வாசித்தார். அதிலும் கொள்கையளவில்தான். அதிலும் வழமைக்குத் திரும்புமாறுதான். அம்மா தலைக்குமேல் கையைத் தூக்கித் தட்டினாள். அடுத்த நாள் காலை எல்லாரும் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார்கள். பெரியவர்களுக்கு எழுதுகிற அதே மரியாதையோடு எங்களுக்கும் எழுதியிருக்கிறார்கள் பார்த்தாயா என்று நான் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிக் காட்டினேன்.

கடிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டலாம் என்றேன். மாமா, "அதெல்லாம் வேணாம் புள்ள, மடிச்சு வையி" என்றார். கடைக்கார அண்ணன் எல்லாருக்கும் டொபி கொடுத்தார். மாமா தன் பங்கை என்னிடமே தந்துவிட்டு, வேலை இருக்கிறது என்று வேகமாகப் போய்விட்டார்.

உள்ளே போனதும் அண்ணன் ஒரு ரிமோட்டை எடுத்து என் மடியில் போட்டான். மன்னிப்பு என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை. அன்று நாங்கள் விளையாடியதுபோல அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

என் கலியாணத்துக்குப் புடவை எடுக்கப் போனபோதுதான் விசயம் தெரிந்தது. கடைக்கார அண்ணன் இப்போது கல்லாவில் இருக்கிறார், தலை முழுக்க நரை. அந்தக் கடிதத்தைத் தான்தான் டைப் பண்ணினாராம். நான் வெங்காயம் எறிந்த அன்று பின்னேரமே மாமா கடைக்கு வந்தாராம். "தம்பி, எனக்கு இங்கிலீஷ் வராது, அத நீங்க பாத்துக்குங்க. தமிழ நான் சொல்றேன், எழுதுங்க" என்று சொல்லி, ஒரு சொல்லுக்கும் யோசிக்காமல், மனப்பாடமாக முழுவதையும் ஒரே மூச்சில் சொன்னாராம். அதைச் சொல்லிச் சொல்லிக் கடைக்கார அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொள்ளப் புடவைக் கட்டுப் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது.

நாலாம் பாகம் எங்கள் ஸ்டிரைக்குக்கு அடுத்த வருடம் வந்தது. கடைக்கார அண்ணன் மெசினில் போட்டார். நானும் அண்ணனும்தான் முதல் சோடி, போராட்டத் தலைவி என்ற உரிமையில். மலை வந்தது, இருட்டு வந்தது. மனிதன் ஒருவன் வந்தான். ஒரு கையில் லாம்பு, மறு கையில் வாள். என் ரிமோட்டை அமத்தினேன். ஒன்றும் அசையவில்லை. வயரைக் கழற்றி மாட்டினேன். மறுபடியும் அமத்தினேன். அண்ணன் பாதிமலை ஏறிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தான். "நீ வேணும்னா அடுத்த தரம் ஆடு" என்றான். நல்ல மாதிரியாகத்தான் சொன்னான். அது அவன் போட்ட சண்டையைவிட மோசமாக இருந்தது. எனக்கு அடுத்த தரம் வேண்டாம், இந்தத் தரம்தான் வேண்டும் என்று எப்படிச் சொல்வது? ரிமோட்டை வைத்துவிட்டு மழையில் ஓடிவந்தேன்.

மாமா எங்கள் காம்பராவுக்கு முன்னால் இஸ்தோப்புத் திண்ணையில் வாங்கு போட்டு உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே அம்மா ஒழுகுகிற இடங்களுக்கெல்லாம் சட்டியும் பேசினும் வைத்துக்கொண்டிருந்தாள். வைத்தபடியே, "இந்த மழையோட சரி. அடுத்த மழைக்குத் தகரம் வந்துரும்ல அண்ணே?" என்று கேட்டாள். அந்த ஒன்பது நாள் ஸ்டிரைக் முடிந்ததிலிருந்து எல்லா மழைக்கும் கேட்பதுதான். "வரும், வரும்" என்றார் மாமா.

நான் சொட்டச் சொட்ட அவர் முன்னால் போய் நின்றேன்.

"மாமா, அந்தக் கம்பனிக்காரன் ஏமாத்திட்டான். ஒரே ஆள்தான் விளையாடலாம். கொள்கையளவில் ஏத்துக்கிட்டோம்னு எழுதுனான்ல, எல்லாம் பச்சப் பொய்!"

"ம்" என்றார்.

"என்னா ம்? நீங்கதானே வாசிச்சீங்க? நாங்க எல்லாம் நம்பிக் கை தட்டுனோம்ல? கொள்கையளவில்னு எழுதிக் குடுத்துட்டுச் செய்யாம விட்டா அதுக்குப் பேரு என்னா மாமா? நாங்க என்னா கேனைங்களா?"

மாமா கோப்பையைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. திறந்திருந்த கதவைப் பார்த்தார். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து, "மெதுவா பேசு புள்ள, அம்மாவுக்குக் கேக்கும்" என்றார்.

கேம் விசயத்துக்கு இப்படிக் கத்தினேன் என்று தெரிந்தால் அம்மா சனிக்கிழமை பஜாருக்குப் போவதையே நிறுத்திவிடுவாள், மாமா என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. உள்ளே எட்டிப் பார்த்தேன். அம்மா நிரம்பிய சட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் குரலைத் தாழ்த்தி, "பயப்படாதீங்க மாமா, நான் சொல்ல மாட்டேன்" என்றேன்.